ஐந்து டிக் ஏர்கான் வாங்கியும் பில் ஏன் இறங்கவில்லை? வீட்டு மின்சாரத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி நம் சிங்கப்பூரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தீபாவளிக்கு முன் ஏர்கான் சலுகை வந்தால் அந்தப் பேச்சு வரும். எஸ்பி குழுமத்தின் மின்சார பில் பத்து வெள்ளி கூடினால் மறுபடி வரும். ஆனால் காதில் விழுவதில் பாதிக்கு மேல் செவிவழிச் செய்திதான். "ஏர்கானை மாத்திட்டா போதும்", "கெட்டியா திரை போட்டா சூடே வராது", "மாடியில சோலார் போட்டாச்சு, நம்ம பில் குறையணுமே" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பில்லைப் பார்த்து மனம் நொந்துபோகும் குடும்பங்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் வீட்டில், மின்சாரச் செலவு குறையும்படி பின்னாளில் செய்யும் மாற்றங்களுக்கு 'ரெட்ரோஃபிட்' என்று பெயர். அந்த மாற்றங்களைச் செய்யும் முன், மின்சாரம் எங்கே எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு 'எனர்ஜி ஆடிட்', அதாவது மின்சாரக் கணக்கெடுப்பு. பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதில் இறங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டைப் படகு

"அஞ்சு டிக் பார்த்துத்தான் வாங்கினேன் தம்பி. பில்லு பழையபடியேதான் வருது" என்றார் எங்கள் தளத்தில் குடியிருக்கும் அக்கா ஒருவர். டிக் என்பது கருவியில் ஒட்டியிருக்கும் எரிசக்தி முத்திரையில் உள்ள குறி. டிக் கூடக்கூட மின்சாரச் சிக்கனம் கூடும்.

"அக்கா, சாயங்கால வெயில் எந்தப் பக்கம் அடிக்குது?"

"பெட்ரூம் பக்கம்தான். ஆறு மணிக்கு அந்தச் சுவத்துல கை வைக்க முடியாது."

அவர் கேள்விக்கான பதில் அந்தச் சுவரில் இருக்கிறது.

ஓட்டை விழுந்த படகில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். வீட்டுக்குள் வரும் வெப்பம்தான் அந்தத் தண்ணீர். ஏர்கான்தான் வாளி. ஏர்கான் புதிதாகக் 'குளிரை' உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஐந்து டிக் ஏர்கான் வாங்குவது நல்ல வாளி வாங்குவதுபோல. அதே தண்ணீரைக் குறைந்த உழைப்பில் இறைக்கலாம். சன்னலுக்கும் சுவருக்கும் ஏதாவது செய்வது ஓட்டையை அடைப்பது. கணக்கெடுப்பு என்பது ஓட்டை எங்கே என்று தேடிப் பார்ப்பது. பெரிய ஓட்டையைத் திறந்தே வைத்துவிட்டு வாளியை மட்டும் மாற்றினால் எதிர்பார்த்த பலன் வராது.

வாட் வேறு, யூனிட் வேறு

மேலே போகுமுன் ஓர் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

ஒரு சாதனம் அந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை வாட் சொல்கிறது. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு கிலோவாட் மணி. நாம் யூனிட் என்று சொல்வது இதைத்தான். பில் போடுவது யூனிட்டுக்கு. அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட் ஏறத்தாழ 30 காசை ஒட்டி இருந்துவருகிறது. கணக்குக்கு 30 காசு என்றே வைத்துக்கொள்வோம்.

2,000 வாட் கெட்டிலைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும், செலவு 5 காசு. இட்லி மாவு ஆட்டும் கிரைண்டர் 150 வாட். முக்கால் மணி நேரம் ஓடினாலும் 3 அல்லது 4 காசுதான். "கிரைண்டர் போட்டா பில் ஏறும்" என்று மருமகளைத் திட்டும் மாமியார்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சத்தம் போடும் பொருளெல்லாம் மின்சாரம் தின்னும் என்பதில்லை.

சத்தமே இல்லாத ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 50 வாட்தான் இழுக்கிறது, ஆனால் ஒரு நாளும் ஓய்வதில்லை. மாதத்துக்கு 36 யூனிட், கிட்டத்தட்ட 11 வெள்ளி. படுக்கையறை ஏர்கான் சராசரியாக 500 வாட் வீதம் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட், 1 வெள்ளி 20 காசு. மாதத்துக்கு 36 வெள்ளி. அதுவும் ஓர் அறைக்கு மட்டும்.

சுடுநீர்க் கருவியும் இந்த வரிசையில் வரும். உடனடியாகச் சூடேற்றும் வகை சுமார் 3,000 வாட் இழுக்கும். நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2 யூனிட், மாதம் 18 வெள்ளி. தொட்டி வைத்த வகை என்றால், சுவிட்சை அணைக்காமல் விடும் வீட்டில் யாரும் குளிக்காத நேரத்திலும் தண்ணீர் ஆறும், மறுபடி சூடேறும், மறுபடி ஆறும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பில்லைத் தீர்மானிப்பது வாட்டும் நேரமும் சேர்ந்த பெருக்கல். சிங்கப்பூர் வீடுகளில் அந்தப் பெருக்கலில் முன்னால் நிற்பவை ஏர்கான், ஃபிரிட்ஜ், சுடுநீர்க் கருவி என்ற மூன்றும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது.

முதல் வழி, சன்னலில் விழும் நேர் வெயில். மேற்குப் பார்த்த சன்னல் ஒன்றில் பிற்பகல் நான்கு மணிக்கு மேகமில்லாத வெயில் அடிக்கிறது. வெப்பத்தையும் வாட்டிலேயே அளக்கலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் சுமார் 500 வாட் அளவுக்கு வெப்பம் வந்து விழும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சன்னல் இரண்டு சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 800 வாட் வெப்பம் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நம் படுக்கையறைகளில் இருக்கும் 9,000 பிடியூ ஏர்கானால் அள்ள முடிந்த வெப்பமே சுமார் 2,600 வாட்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒரு சன்னல் சாப்பிட்டுவிடுகிறது.

இரண்டாவது வழி, சுவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் கான்கிரீட். கான்கிரீட் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. உறிஞ்சி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் விடும். நான்கு மணிக்கு வெளிப்பக்கம் வாங்கிய வெயிலை இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையறைக்குள் கொடுக்கிறது. அந்த அக்கா வீட்டில் நடப்பது இதுதான். இரவில் வெளியே காற்று இதமாக இருக்கும்போதும் கட்டிலை ஒட்டிய சுவரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். வரிசையின் கோடியில் இருக்கும் வீட்டுக்குப் பக்கச் சுவரும் வெயிலில் நிற்பதால் பாடு இன்னும் அதிகம்.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: காற்றில் இருக்கும் ஈரம். ஏர்கானின் வடிகுழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளி வைத்துப் பிடித்துப் பாருங்கள். அது அறைக் காற்றில் இருந்த ஈரம். ஒரு லிட்டர் ஈரத்தைக் காற்றிலிருந்து பிரித்துத் தண்ணீராக்கும்போது கிட்டத்தட்ட 0.7 யூனிட் அளவு வெப்பத்தை ஏர்கான் அள்ளி வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. அறையின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்காமலே இந்த வேலை நடக்கும். கதவுக்கு அடியில் இடைவெளி, முழுதாக மூடாத சன்னல், கண்ணாடிப் பட்டைகள் வைத்த பழைய சன்னல் ஆகியவற்றின் வழியே வெளிக்காற்று வரும்போது வெப்பத்தோடு ஈரமும் வருகிறது. மழை நாளில் ஏர்கான் அறையில் துணி காயப்போடுவது இதே வேலையை நாமே கூட்டிக்கொள்வது. துணியில் இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் அந்த வடிகுழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

நான்காவது, உள்ளேயே பிறக்கும் வெப்பம். சும்மா இருக்கும் ஓர் ஆளின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறது. டிவி, கணினி, விளக்கு என்று எதில் போகும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் தங்குகிறது.

இவை நான்கையும் சேர்த்து 'வெப்ப வரவு' என்று சொல்லலாம். ஏர்கானை எந்த டிகிரியில் வைக்கிறோம் என்பதும் இந்த வரவைக் கூட்டும், குறைக்கும். வெளியே 31 டிகிரி, உள்ளே 25 என்றால் வித்தியாசம் 6. உள்ளே 22 ஆக்கினால் வித்தியாசம் 9. இந்த வித்தியாசத்தால் சுவரிலும் கண்ணாடியிலும் கசியும் வெப்பம் ஒன்றரை மடங்காகிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியம் 25 டிகிரியில் வைக்கச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

வெளிநாட்டு அறிவுரை இங்கே ஏன் பொருந்தாது?

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது குளிர்நாட்டு அறிவுரை. சுவருக்குள் பஞ்சு அடை, இரட்டைக் கண்ணாடி போடு, சின்ன இடுக்கையும் விடாமல் மூடு என்பார்கள். அங்கே உள்ளே 21 டிகிரி, வெளியே பூஜ்யம். அந்த 21 டிகிரி வித்தியாசத்தில் வீட்டின் சூடு வெளியே ஓடிவிடாமல் காப்பதுதான் அவர்கள் கவலை. நமக்கு வித்தியாசம் ஆறேழு டிகிரிதான். நம் எதிரி நேர் வெயிலும் ஈரமும்.

கணக்குப் போட்டால் உறைக்கும். இரண்டு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடியில், வெயிலை விட்டுவிட்டு, 6 டிகிரி வித்தியாசத்தால் மட்டும் கசியும் வெப்பம் சுமார் 70 வாட். இரட்டைக் கண்ணாடி போட்டால் அது பாதியாகும், 35 வாட் மிச்சம். அதே சன்னலில் வெயில் கொண்டுவந்தது 800 வாட். ஆக, வெயிலைத் தடுக்காத சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தால் சாலை இரைச்சல் குறையும், பில் பெரிதாகக் குறையாது. இரைச்சலுக்காகப் போடுகிறீர்கள் என்றால் சரி, அது வேறு கணக்கு.

எப்போதும் எல்லாவற்றையும் மூடிவைப்பதும் நமக்குச் சரிவராது. ஏர்கான் ஓடாத நேரத்தில் காற்று குறுக்கே ஓடினால்தான் சுவரில் தேங்கிய சூடு வெளியேறும். ஏர்கான் ஓடும் நேரத்தில் மட்டும் இடுக்குகளை மூட வேண்டும். அப்போதும் பல பேர் படுக்கும் சிறிய அறையைக் காற்றுப் புகாதபடி ஒரேயடியாக அடைக்காதீர்கள். மூச்சுக் காற்று தேங்கி, காலையில் தலை கனக்கும்.

டிக் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

ஏர்கானும் ஃபிரிட்ஜும் 2008ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக எரிசக்தி முத்திரையோடுதான் இங்கே விற்கப்படுகின்றன. 2011இலிருந்து குறைந்தபட்சத் தரம் எட்டாதவற்றை விற்கவே முடியாது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் டிக் ஓர் இயந்திரத்தை இன்னோர் இயந்திரத்தோடு ஒப்பிடுகிறது. உங்கள் அறை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஏர்கானுக்கு அடிப்படை அளவு சிஓபி. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதுதான் அது. சிஓபி 3 இருக்கும் பழைய கருவி 6 யூனிட் வெப்பத்தை அள்ள 2 யூனிட் எடுக்கும். சிஓபி 5 இருக்கும் கருவிக்கு 1.2 யூனிட் போதும். இது உண்மையான மிச்சம். ஆனால் "புதுசு நல்லா இருக்கே" என்று முன்பு ஆறு மணி நேரம் ஓடியதைப் பத்து மணி நேரம் ஓட்டினால் மிச்சம் கரைந்துவிடும். பில் இறங்காத பல வீடுகளில் நடப்பது இதுவும்தான்.

இன்வெர்ட்டர் என்பது கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. பழைய வகை ஓடும், நிற்கும், மறுபடி முழு வேகத்தில் ஓடும். இன்வெர்ட்டர் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், அப்போதுதான் அதன் திறன் அதிகம். வெப்ப வரவு குறைந்த அறையில் அது சொகுசாக ஓடும். மேற்கு வெயில் கொட்டும் அறையில் அதுவும் மூச்சுப் பிடித்துத்தான் ஓட வேண்டும். ஒரே வெளிக்கருவியில் நான்கு அறைகளை இணைக்கும் சிஸ்டம் 4 வாங்குமுன், ஒரே நேரத்தில் உண்மையில் எத்தனை அறைகளில் ஓடப்போகிறது என்று யோசியுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு டிக் மட்டும் பார்த்தால் தவறாகப் போகும். டிக் அந்தந்தக் கொள்ளளவுக்கு ஏற்பத் தரப்படுகிறது. பெரிய நான்கு டிக் ஃபிரிட்ஜ், சிறிய மூன்று டிக் ஃபிரிட்ஜைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். முத்திரையிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். கடையில் அந்த எண்ணைப் பாருங்கள்.

சுருக்கமாக: வெப்பம் வெயில், சுவர், ஈரக்காற்று, உள்ளிருக்கும் ஆள் மற்றும் கருவிகள் வழியாக வருகிறது. நம் ஊரில் வெயிலும் ஈரமும்தான் முக்கியம். வரும் வெப்பத்தை எவ்வளவு மலிவாக வெளியேற்றலாம் என்பதை மட்டும் டிக் சொல்கிறது.

வீட்டுக் கணக்கெடுப்பை நாமே செய்வது

இதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை. பில்லும் கைத்தொலைபேசியும் ஓர் ஓய்வான வார இறுதியும் போதும்.

பில்லில் வெள்ளியைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். வெள்ளிக் கணக்கில் தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம், ஜிஎஸ்டி, அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி எல்லாம் கலந்திருக்கும். யூ-சேவ் வந்த மாதம் பில் குறைந்தால் மின்சாரம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களைப்போன்ற வீடுகளின் பயன்பாட்டோடு ஒப்பிடும் வரைபடமும் பில்லில் இருக்கும். நாலறை வீட்டை மற்ற நாலறை வீடுகளோடு ஒப்பிடுவதுதான் நியாயம். ஆனால் வீட்டில் எத்தனை பேர், யார் பகலிலும் வீட்டில் இருக்கிறார்கள் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது.

அடுத்தது அடிச்சுமை. எல்லோரும் தூங்கும்போதும் வீடு இழுத்துக்கொண்டே இருக்கும் மின்சாரம்தான் அது. புதிய மின்மீட்டர் இருக்கும் வீட்டுக்கு எஸ்பி செயலியில் அரை மணி நேரத்துக்கு ஒரு பதிவு கிடைக்கும். ஏர்கான் போடாத ஓர் இரவின் 3 மணிப் பதிவைப் பாருங்கள். அரை மணிக்கு 0.05 யூனிட் என்றால் வீடு 100 வாட் இழுக்கிறது. மாதத்துக்கு 72 யூனிட், ஏறத்தாழ 22 வெள்ளி. 0.15 யூனிட் என்று காட்டினால் 300 வாட், மாதம் 65 வெள்ளி! யாருக்கும் பயன்படாமல் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்காத தொட்டிச் சுடுநீர்க் கருவியா, மீனும் மாவும் வைக்கவென்று சமையலறைக்குப் பின்னால் ஓடும் இரண்டாவது பழைய ஃபிரிட்ஜா, மீன்தொட்டி மோட்டாரா என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய மீட்டர் என்றால் படுக்கும் முன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை வாசலுக்கு வெளியே போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கில் சொருகி அளக்கும் சிறிய மின்னளவி கடைகளில் கிடைக்கும். ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நன்றாக உதவும். ஏர்கானும் சுடுநீர்க் கருவியும் பெரும்பாலும் பிளக் இல்லாமல் நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால் அதில் அளக்க முடியாது. அவற்றுக்கு ஒரே வழி, மற்றவற்றை அமைதியாக்கிவிட்டு அதை மட்டும் ஓட்டி, செயலியின் வரைபடம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான்.

கடைசியாக வீட்டைச் சுற்றி நடங்கள். மாலை ஐந்து மணிக்கு எந்தச் சன்னலில் வெயில் விழுகிறது? இரவு ஒன்பதுக்கு எந்தச் சுவர் சூடாக இருக்கிறது? ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஏர்கான் ஓடும்போது அறைக் கதவின் அடியில் கையை வையுங்கள், குளிர் வெளியேறுவது தெரியும்.

எதை முதலில் செய்யலாம்?

காசு செலவில்லாததைத்தான் முதலில் செய்ய வேண்டும். வெயில் இறங்கியதும் சன்னல்களைத் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு, சுவரின் சூடு தணிந்த பிறகு ஏர்கானைப் போடுங்கள். வடிகட்டியைக் கழுவுங்கள். வெளிக்கருவி இருக்கும் மேடையில் பழைய சாமான்களை அடுக்காதீர்கள், அது காற்று விட இடம் வேண்டும். ஃபேனையும் சேர்த்துப் போட்டால் 26 டிகிரியே போதுமானதாக இருக்கும். புதிய டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும், பழையது அதைப்போல் இரண்டு மடங்கு.

அடுத்தது மேற்குச் சன்னல். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் சிறந்தது. உள்ளே நுழைந்த பிறகு திரை அதைத் தடுத்தால், வெப்பத்தில் பெரும்பகுதி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தேங்கி அறைக்குள்தான் வரும். கறுப்புத் திரை வெளிச்சத்தை மறைத்தாலும் வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொள்ளும். சன்னலைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கும் திரை, வெயிலில் கணிசமான பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். பால்கனி இருந்தால் அதன் வெளி விளிம்பில் சுருள்திரை போடலாம், ஆனால் வீவக விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வெப்பத் தடுப்புப் படலம் நல்ல வழி. சூரிய வெப்பத்தில் பாதியை ஒட்டிய பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் என்பதால், அறையை இருட்டாக்காமலே வெப்பத்தைக் குறைக்கும் படலங்கள் உண்டு. முகம் தெரியும்படி பளபளக்கும் வகையை விடுங்கள், எதிர் புளோக்கில் இருப்பவர் கண் கூசும்.

கதவடி இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டை, சன்னல் சட்டத்துக்கு ஒரு பஞ்சுப் பட்டை. சில வெள்ளியில் முடியும். எல்இடி விளக்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை, இன்னும் மாற்றாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஏர்கானையும் ஃபிரிட்ஜையும் மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான், என் கருத்து அது. ஓட்டைகளை அடைத்த பிறகு சிறிய கருவியே போதும் என்று தெரியவரலாம். பழைய புளோக்குகள் சிலவற்றில் முதன்மை மின்சுவிட்ச் 30 ஆம்பியர்தான் இருக்கும். ஏர்கான் போடுமுன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். வீட்டு மேம்பாட்டுத் திட்டம் நடந்த புளோக்குகளில் மின்திறனையும் சேர்த்து உயர்த்தியிருப்பார்கள். ஏர்கான் பொருத்துபவரும் சன்னல் மாற்றுபவரும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சியும் அங்கீகாரமும் பெற்றவர்களாக இருக்க வேண்டும். பத்தாவது மாடியிலிருந்து சன்னல் விழுந்தால் என்னாகும் என்று நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும்.

செலவுக்கு அரசாங்கத்தின் பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கிறது. 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்கள் அனைத்துக்கும் 300 வெள்ளி தந்தார்கள். 2025இல் இன்னும் 100 வெள்ளி சேர்த்து, தனியார் வீடுகளில் குடியிருக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி என்று விரிவாக்கினார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். மின்சாரமும் தண்ணீரும் சேமிக்கும் குறிப்பிட்ட கருவிகளுக்குத்தான் அதைப் பயன்படுத்தலாம். திரையும் சன்னல் படலமும் அந்தப் பட்டியலில் வராது, அதற்குக் கைக்காசுதான்.

மாடியில் இருக்கும் சோலார்

வீவக கூரைகளில் இருக்கும் தகடுகள் பெரும்பாலும் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மின்சாரம் பகலில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குப் போகிறது. மிஞ்சினால் மின்கட்டமைப்புக்குப் போகும். உங்கள் வீட்டு மீட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை, பில்லில் அதைத் தேடாதீர்கள். நாட்டுக்கு அது முக்கியம்தான். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

உங்கள் சுவருக்கு நேரடியாக உதவக்கூடியது வேறொரு முயற்சி. தெம்பனிஸில் ஏறத்தாழ 130 புளோக்குகளில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சாயத்தை வீவக சோதித்துப் பார்த்தது. சுற்றுப்புற வெப்பத்தை 2 டிகிரி வரை குறைக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வெளிச்சுவரைத் தனி ஆளாக நாம் தொட முடியாது. உங்கள் புளோக்குக்குச் சாயம் பூசப்போவதாக நகர மன்றம் அறிவித்தால், எந்தச் சாயம் என்று கேளுங்கள்.

மாற்றிய பிறகு மறுபடி அளப்பது

படலம் ஒட்டினீர்கள், ரப்பர் பட்டை போட்டீர்கள். பலன் தெரிய எந்த மாதத்தை எதோடு ஒப்பிடுவது? மே மாத பில்லை வைத்துக்கொண்டு ஜனவரி பில் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்தால் அது வடகிழக்குப் பருவமழை செய்த உதவியாக இருக்கும். டிசம்பர், ஜனவரி நமக்குக் குளிர்ந்த காலம், மே வெக்கையான காலம். சென்ற ஆண்டு மே மாத யூனிட்டை இந்த ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தார்களா, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையா என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், படலம் ஒட்டுவதற்கு முந்தைய நல்ல வெயில் நாள் ஒன்றில் ஏர்கானை ஒரே டிகிரியில் இரவு முழுக்க ஓட்டி, செயலியில் பதிவாகும் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு அதேபோல் வெயில் அடித்த இன்னொரு நாளில் அதே டிகிரியில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 30 காசால் பெருக்கினால், அந்தப் படலம் ஓர் இரவுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரிந்துவிடும். மற்ற அறைகளுக்கும் ஒட்டலாமா என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.